ஜூம்ல ஒரு மாதிரி, பிரிண்ட்ல ஒரு மாதிரி: வேர்ட், எக்செல், கூகுள் டாக்ஸ், ஹெச்டிஎம்எல், லேட்டெக், எது யாருக்கு?

ஸ்கிரீன்ல எல்லாம் கச்சிதமா நிக்குது, பிரிண்ட் குடுத்தா கடைசி ரெண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிடுது. 100 சதவீதத்துல கட்டத்துக்குள்ள அடங்குன எழுத்து 80 சதவீதம் ஜூம்ல வெட்டுப்பட்டு நிக்குது. இந்த தொல்லையில மாட்டினவங்க எல்லாரும் கடைசியா கேக்குற கேள்வி ஒண்ணுதான், "எதுல செஞ்சா இது மாறாம இருக்கும்?" அதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது, ஏன்னா என்ன டாகுமென்ட், யாரு கைக்குப் போகுது, பின்னாடி யாராவது திருத்துவாங்களா, இதையெல்லாம் வெச்சுதான் முடிவு பண்ணணும்.

## முதல்ல, ஏன் மாறுது?

இது புரிஞ்சிடுச்சுன்னா மீதி எல்லாம் சுலபம், அதனால இங்க கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

ஒரு எழுத்தோட அகலம் 7.3 பிக்சல்னு வெச்சுக்குவோம். ஸ்கிரீன்ல 0.3 பிக்சல்னு ஒண்ணு கிடையாது, அதனால பழைய முறையில எழுத்தை வரையுற சாஃப்ட்வேர் அதை 7ன்னு முழு எண்ணாக்கிடும். ஒரு வரியில இப்படி 80 எழுத்து இருந்தா மொத்தம் 24 பிக்சல் குறையும். விண்டோஸ் கணக்குல ஒரு இன்ச்சுக்கு 96 பிக்சல், ஆக ஒரே வரியில கால் இன்ச் காணாம போச்சு. இப்ப 150 சதவீதம் ஜூம் பண்ணுங்க, அதே எழுத்து 10.95 பிக்சல், அது 11 ஆகும், இந்த தடவை வரி குறையாம ஒரு துளி கூடுது. அடுத்து 600 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி அடிக்கற பிரிண்டருக்கு அனுப்புனா அதே எழுத்து 45.6 புள்ளி, அது 46 ஆகும், 80 எழுத்துக்கும் சேத்தே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் பிசகு.

அதாவது ஒரே வரிக்கு மூணு எடத்துல மூணு நீளம். வரி மடிய வேண்டிய எடத்துக்கு ரொம்ப பக்கத்துல ஒரு வார்த்தை நின்னுச்சுன்னா, ஒரு எடத்துல உள்ள இருக்கும், இன்னொரு எடத்துல கீழ எறங்கிடும். ஒரு வார்த்தை எறங்குனா ஒரு வரி கூடும், ஒரு வரி கூடுனா பக்கம் தள்ளும், பக்கம் தள்ளுனா கடைசியில கையெழுத்து போடுற எடம் மட்டும் தனியா ஒரு தாள்ல போய் உக்காரும்.

அதனால எந்த சாஃப்ட்வேரைப் பாத்தாலும் கேக்க வேண்டிய முதல் கேள்வி: வரி எங்க மடியணும்னு யாரு முடிவு பண்றா, எப்ப முடிவு பண்றா? இதுக்கான பதில்லதான் எல்லா வித்தியாசமும் இருக்கு.

## எதை எதை வெச்சு ஒப்பிடப் போறோம்

ஜூம் மாத்தினா வரி மடிப்பு மாறுதா, வேற மெஷின்ல அந்த ஃபான்ட் இல்லேன்னா என்ன ஆகும், பேப்பர்ல மில்லிமீட்டர் கணக்கு நிக்குமா, பின்னாடி இன்னொருத்தர் திருத்த முடியுமா, போன்ல படிக்க வசதியா. அப்புறம் கத்துக்க எவ்வளவு நேரம் போகும்ங்கறதும் இருக்கு, அதை யாரும் முதல்ல கணக்குல எடுக்கறதே இல்ல, பாதி வழியில வந்துதான் உறைக்கும்.

## வேர்ட்

நிறைய பேர் நினைக்கறதை விட வேர்ட் இந்த விஷயத்துல நல்லாவே நடந்துக்கும். பிரிண்ட் லேஅவுட் வியூவுல இருக்கறவரைக்கும், ஜூம் எவ்வளவு வெச்சாலும் வரி மடிப்பு மாறாது. ஏன்னா அது ஸ்கிரீன் பிக்சலை வெச்சு கணக்கு போடறதில்ல, நுணுக்கமான ஒரு அளவுல வரியை முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் ஸ்கிரீன்ல எழுத்தைப் பொருத்துது. அதனாலதான் சில ஜூம்ல எழுத்துக்கு நடுவுல இடைவெளி ஏறுக்கு மாறா தெரியும். அதைப் பாத்துட்டு எழுத்து இடைவெளி செட்டிங்கை கையால மாத்த ஆரம்பிக்காதீங்க, பேப்பர்ல சரியாத்தான் வரும், நீங்க மாத்துனா அதுதான் பேப்பர்ல கெட்டுப் போகும்.

வெப் லேஅவுட், டிராஃப்ட், ரீட் மோட் இந்த வியூ எல்லாம் வேற கணக்கு, அதுல தெரியுறது பிரிண்டுக்கு பொருந்தாது.

அப்ப வேர்ட்ல எது சறுக்குது? பெரும்பாலும் ஃபான்ட். 2023ல மைக்ரோசாஃப்ட் பல வருஷமா இருந்த காலிப்ரியை எடுத்துட்டு ஆப்டோஸை டீஃபால்ட் ஃபான்டா கொண்டு வர ஆரம்பிச்சாங்க. புது வேர்ட்ல ஆப்டோஸ்ல அடிச்ச ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா வேற ஏதாவது ஃபான்டைப் போட்டு நிரப்பிடும், எழுத்து அகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். தமிழ்ல இது இன்னும் மோசம். விண்டோஸ்ல லதா, நிர்மலா யுஐ, மேக்ல தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டுல நோட்டோ, ஒவ்வொண்ணுக்கும் எழுத்து அகலமும் வேற, வரி உயரமும் வேற. பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின ஃபான்டா இருந்தா கேக்கவே வேண்டாம், ஃபான்ட் இல்லாத மெஷின்ல தமிழே தெரியாது, ஆங்கில எழுத்து குப்பையா வந்து நிக்கும்.

இதுக்கு வேர்ட்லயே வழி இருக்கு, ஃபைல் மெனு, ஆப்ஷன்ஸ், சேவ் போனா ஃபான்டை ஃபைலுக்குள்ளயே பதிச்சு வெக்கற ஆப்ஷன் கெடைக்கும். ஃபைல் சைஸ் ஏறும், சில ஃபான்டோட லைசென்ஸ் பதிக்க விடாது, அது ரெண்டும்தான் இதுல மறைஞ்சிருக்கற செலவு.

இன்னொரு பக்கம், கெடுக்கறது நம்ம பழக்கம். அடுத்த பக்கம் போக என்டரை பதினஞ்சு தடவை தட்டுறது, பேரையும் தேதியையும் ஸ்பேஸ் பார் அடிச்சு நேராக்கறது, இதெல்லாம் அந்த ஃபான்ட்ல அந்த மெஷின்ல மட்டும் நிக்கும். பேஜ் பிரேக் போடுங்க, டேப் ஸ்டாப் வைங்க, தலைப்புக்கு ஸ்டைல் குடுத்து, அது அடுத்த பாராவை விட்டுப் பிரியாம இருக்க "கீப் வித் நெக்ஸ்ட்" போடுங்க. டேபிள்ல உள்ள இருக்கறதுக்கு ஏத்த மாதிரி தானா அகலம் மாறுற ஆப்ஷனை அணைச்சிடுங்க. படத்தை முடிஞ்சவரை எழுத்தோட சேந்து நகர்ற மாதிரி "இன் லைன்" ஆ வைங்க. இதை மட்டும் செஞ்சாலே பாதி புகார் தானா போயிடும், நெஜமாவே.

வேர்ட் எப்ப சரி: நாலு பேர் கைமாறி திருத்தப்படுற லெட்டர், ரிப்போர்ட், ஒப்பந்தம். எப்ப வேண்டாம்: கடைசி வடிவமா அனுப்பறதுக்கு. வேர்ட் ஃபைலை யாரு தொறந்தாலும் அவங்க மெஷின் வரியை மறுபடி முடிவு பண்ணும், அதனால அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க.

லிப்ரேஆபிஸ் ரைட்டரும் கிட்டத்தட்ட இதே குணம்தான், காசு கிடையாது. காலிப்ரிக்கு பதில் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு பதில் கலடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு பதில் லிபரேஷன்னு எழுத்து அகலம் அச்சு அசலா ஒத்துப்போற ஃபான்ட் இருக்கறதால வரி மடிப்பு பெருசா கெடாது. ஆனா ஒரே ஃபைல் வேர்டுக்கும் ரைட்டருக்கும் மாறி மாறி போய்ட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொஞ்சம் நகரும், ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிக்கங்க.

## எக்செல்

ஜூமால அதிகம் அடி வாங்கறது இதுதான். கணக்கு போட எக்செல் மாதிரி வராது, ஆனா ஃபாரம், பில், சான்றிதழ் எல்லாத்தையும் இதுலயே டிசைன் பண்ணுறவங்க இருக்காங்க, அவங்களுக்குத்தான் இந்த தலைவலி நிரந்தரம்.

எக்செல்ல காலம் அகலம் இன்ச்லயோ மில்லிமீட்டர்லயோ இல்ல, ஒர்க்புக்கோட நார்மல் ஸ்டைல் ஃபான்ட்ல ஒரு இலக்கத்தோட அகலம் எவ்வளவோ அதுதான் அளவுகோல். அந்த ஃபான்ட் இன்னொரு மெஷின்ல இல்லேன்னா காலம் அகலமே மாறிப்போகும். அதோட ஒவ்வொரு ஜூம்லயும் எழுத்து மறுபடி பிக்சலுக்கு முழு எண்ணாகறதால, மேல சொன்ன கால் இன்ச் கதை இங்க அப்படியே நடக்கும். 100ல எண்ணு தெரியும், 90ல ஹேஷ் குறியா நிக்கும். ராப் டெக்ஸ்ட் போட்டு ரோ உயரத்தை தானா செட் பண்ண விட்டிருப்போம், ஸ்கிரீன்ல மூணு வரி, பிரிண்ட்ல அதே எழுத்துக்கு நாலு வரி தேவைப்படும், ஆனா உயரம் மூணு வரிக்குத்தான் இருக்கு, நாலாவது வரி கண்ணுக்கு தெரியாம வெட்டுப்பட்டு போயிடும். இது ரொம்ப ஆபத்து, ஏன்னா பேப்பரைப் பாக்கறவங்களுக்கு அங்க ஒரு வரி இருந்துச்சுன்னே தெரியாது. மெர்ஜ் பண்ண செல்லுக்கு ரோ உயரம் தானா செட்டும் ஆகாது, நாமதான் கையால இழுக்கணும்.

எக்செல்லதான் செஞ்சாகணும்னா: காலத்துக்கு தேவையை விட கொஞ்சம் தாராளமா அகலம் குடுங்க, ராப் டெக்ஸ்ட் இருக்கற ரோவுக்கு ஒரு வரி கூடுதலா உயரம் விடுங்க, பேஜ் லேஅவுட் வியூவுல பாருங்க, பிரிண்ட் ஏரியா செட் பண்ணுங்க. "ஒரு பக்க அகலத்துல அடக்கு" ஆப்ஷன் நல்லதுதான், ஆனா காலம் அதிகமா இருந்தா 45, 50 சதவீதத்துக்கு சுருக்கிடும், 11 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆனா யாரு படிப்பா? பேப்பரைப் படுக்கை வாக்குல திருப்புங்க, இல்ல காலத்தைக் குறைங்க.

எப்ப சரி: எண்ணும் டேபிளும்தான் விஷயம்ங்கறப்போ. ஃபாரம் மாதிரி ஒரு பக்கம் அசையாம நிக்கணும்னா கணக்கை மட்டும் இங்க போட்டுட்டு, பக்கத்தை வேர்ட்ல மெயில் மெர்ஜ் (எக்செல்ல இருக்கற விவரத்தை வேர்ட் பக்கத்துல தானா நிரப்பற வசதி) வெச்சு கட்டுங்க.

## கூகுள் டாக்ஸ்

இதோட பெரிய பலம், ஃபைல் ஒரே எடத்துல இருக்கு, ஃபான்டும் வெப்லேர்ந்தே வருது. கேடமரான், நோட்டோ மாதிரி தமிழ் ஃபான்ட் வெச்சு எழுதுனா எந்த மெஷின்ல தொறந்தாலும் அதே ஃபான்ட்தான் வரும். பிரிண்ட் குடுத்தா பின்னால பிடிஎஃப்தான் உருவாகுது, அதனால பேஜஸ் மோடுல பாத்ததுதான் பெரும்பாலும் பேப்பர்ல வரும்.

கவனிக்க வேண்டியது ரெண்டு. பேஜ்லெஸ் மோடு ஆன்ல இருந்தா பக்கப் பிரிப்பு, ஹெடர், ஃபூட்டர் எதுவும் தெரியாது, அதுல உக்காந்து அலைன்மென்ட் பாக்கறது வீண் வேலை. அடுத்து பேப்பர் சைஸ், சில அக்கவுன்ட்ல டீஃபால்டா லெட்டர் சைஸ் இருக்கும், ஆரம்பிக்கும்போதே பேஜ் செட்டப்ல ஏ4 ஆக்கிடுங்க, 40 பக்கம் எழுதுனப்புறம் மாத்துனா எல்லா பக்கமும் நகரும். வேர்டா டவுன்லோட் பண்ணி அனுப்பறதையும் தவிருங்க, அங்கதான் டேபிளும் இடைவெளியும் கலையும்.

கூட்டமா சேந்து எழுதறதுக்கு இதை விட சுலபமானது கிடையாது. நுணுக்கமா பக்கம் கட்டணும்னா சீக்கிரமே கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்.

## ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ்

வெப் பக்கத்தை எழுதற மொழி ஹெச்டிஎம்எல், அதோட தோற்றத்தை சொல்றது சிஎஸ்எஸ். இங்க எண்ணமே வேற. ஸ்கிரீன்ல ஜூமுக்கு ஏத்த மாதிரி வரி மறுபடி மடியணும், அதுதான் இதோட குணம், அதை குறைன்னு நினைச்சு சண்டை போடக்கூடாது. பிரவுசர்ல 200 சதவீதம் ஜூம் பண்ணா பக்கத்தோட அகலம் பாதியான மாதிரி கணக்கு, வரி தானா சின்னதாகும், போன்ல படிக்கறவங்களுக்கும் கண் பார்வை குறைஞ்சவங்களுக்கும் இதுதான் வேணும். பிரிண்டுக்கு தனி ஸ்டைல், தனி லேஅவுட். ஜூம் எவ்வளவு இருந்தாலும் பிரிண்டை அது பாதிக்காது, ரெண்டும் வேற வேற பாதை.

பிரிண்ட் ஸ்டைல்ல பேஜ் ரூல் போட்டு பேப்பர் சைஸ் ஏ4, மார்ஜின் மில்லிமீட்டர்ல குடுங்க. பெட்டி, படம் ரெண்டு பக்கத்துக்கு நடுவுல பிளக்காம இருக்க பிரேக்-இன்சைட் அவாய்ட்னு ஒரு செட்டிங் போடுங்க. டேபிள் தலைப்பை தனி ஹெட் பகுதியா எழுதுனா பெரிய டேபிளுக்கு ஒவ்வொரு பக்கத்துலயும் தலைப்பு திரும்ப வரும். எழுத்தை பாயின்ட்ல வைங்க. சிஎஸ்எஸ் பிக்சல்ங்கறது பிரிண்ட்ல ஒரு இன்ச்சுல 96ல ஒரு பங்கு, அதனால பிக்சல்ல குடுத்தாலும் கணக்கு நிக்கும், ஆனா ஸ்கேல் வெச்சு சரி பாக்க மில்லிமீட்டர்தான் வசதி.

இதுல மறைஞ்சிருக்கற செலவு பிரிண்ட் குடுக்கறவரோட பிரவுசர். பின்னணி கலர் சாதாரணமா பிரிண்ட் ஆகாது, தலைக்கு மேல தேதியும் கீழ வெப் அட்ரஸும் தானா வந்து ஒட்டும், ஒவ்வொரு பிரவுசரும் பக்கத்தைப் பிரிக்கறதுல கொஞ்சம் வித்தியாசம் காட்டும். உங்க மெஷின்லயே வீஸிபிரிண்ட், பிரின்ஸ் மாதிரி சாஃப்ட்வேர், இல்லேன்னா ஹெட்லெஸ் குரோம் (ஜன்னல் தொறக்காம பின்னால ஓடற குரோம்) வெச்சு பிடிஎஃப் ஆக்கி குடுத்துட்டா இந்த கவலை இல்ல.

ஒரே டெம்ப்ளேட்ல ஆயிரம் பில், ரசீது, சான்றிதழ் அடிக்கணுமா, இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு லெட்டருக்கு இதை எடுத்தா வீண்.

## லேட்டெக்

எழுத்தோட நடுவுல கட்டளைகளையும் சேத்து டைப் பண்ணி, அதை ஓட்டி பிடிஎஃப் எடுக்கற முறை இது. வரி எங்க மடியணும்ங்கறதை ரொம்ப கறாரா முடிவு பண்றது இதுதான். இதுக்கு அடிப்படையான டெக்கை கம்ப்யூட்டர் அறிஞர் டொனால்ட் நூத் 1978லேயே, எந்த மெஷின்ல ஓட்டினாலும் ஒரே ரிசல்ட் வரணும்ங்கற குறிக்கோளோட செஞ்சாரு. உள்ளுக்குள்ள அது போடற அளவு ஒரு பாயின்ட்டுல 65,536ல ஒரு பங்கு, கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்தோட அலைநீளத்தை விட சின்னது. ஸ்கிரீனும் பிரிண்டரும் அந்தக் கணக்குக்குள்ள வரவே வராது. ஃபான்டும் பேக்கேஜும் (லேட்டெக்கோட சேத்துக்கற துணைக் கோப்புகள்) மாறாத வரைக்கும் வரி மாறாது.

தமிழுக்கு ஸீலேட்டெக், லுவாலேட்டெக்னு இருக்கற ரெண்டு வகையில ஒண்ணை எடுங்க, யூனிகோட் ஃபான்டை நேரா குடுக்கலாம். ஆனா கத்துக்க நாள் பிடிக்கும், தெரியாதவர் கையில குடுத்து "இந்த பாராவை மட்டும் திருத்துங்க"ன்னு சொல்ல முடியாது, டேபிள் கட்டறது பொறுமையை சோதிக்கும். ஆராய்ச்சிக் கட்டுரை, கணிதம், 200 பக்க புத்தகம்னா தாராளமா எறங்கலாம். நாளைக்கு காலைல குடுக்க வேண்டிய ரிப்போர்ட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

## ஒரே பார்வையில

| வழி | ஜூம் மாத்தினா | வேற மெஷின்ல | பேப்பர்ல அளவு | திருத்த | போன்ல படிக்க |
|---|---|---|---|---|---|
| வேர்ட் | பிரிண்ட் லேஅவுட்ல மாறாது | ஃபான்ட் இல்லேன்னா மாறும் | நிக்கும் | சுலபம் | சுமார் |
| எக்செல் | மாறும், வெட்டுப்படும் | மாறும் | நம்ப முடியாது | சுலபம் | கஷ்டம் |
| கூகுள் டாக்ஸ் | பேஜஸ் மோடுல மாறாது | அனேகமா அப்படியே | நிக்கும் | ரொம்ப சுலபம் | பேஜ்லெஸ்ல நல்லது |
| ஹெச்டிஎம்எல் | மாறும், மாறணும் | பிரவுசரைப் பொறுத்தது | பிடிஎஃப் ஆக்குனா நிக்கும் | கோட் தெரியணும் | ரொம்ப நல்லது |
| லேட்டெக் | பிடிஎஃப்தான், மாறாது | மாறாது | நிக்கும் | தெரிஞ்சவங்களுக்கு மட்டும் | கஷ்டம் |

## பிடிஎஃப் ஆக்கிட்டா முடிஞ்சுதா?

பாதி முடிஞ்சுது. பிடிஎஃப்ல ஒவ்வொரு எழுத்தும் எந்த எடத்துல நிக்கணும்னு ஏற்கனவே எழுதி வெச்சாச்சு, தொறக்கற மெஷின் வரியை முடிவு பண்றதே இல்ல. 1993ல அடோபி கொண்டு வந்தது, 2008ல ஐஎஸ்ஓ 32000ங்கற சர்வதேச தரநிலை ஆச்சு. பல வருஷம் பத்திரமா வெக்க வேண்டிய ஃபைலுன்னா பிடிஎஃப்/ஏ வகையில சேவ் பண்ணுங்க, அதுல எல்லா ஃபான்டும் உள்ளயே பதிஞ்சிருக்கணும்ங்கறது கட்டாயம்.

ஜூம் பண்ணும்போது டேபிள் கோடு ஒண்ணு தடியா, பக்கத்துல இருக்கறது மெலிசா, சில ஜூம்ல ஒண்ணு காணாமலே போற மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், மெல்லிய கோடு பிக்சலுக்கு நடுவுல விழுந்தா அப்படித்தான் தெரியும், 400 சதவீதத்துல வெச்சுப் பாருங்க, எல்லாம் ஒரே தடிமன்ல இருக்கும், பேப்பர்லயும் அப்படித்தான் வரும். இதைப் பாத்துட்டு ஃபைல் கெட்டுப் போச்சுன்னு கோட்டையெல்லாம் தடியாக்கறவங்க இருக்காங்க, பிரிண்ட்ல கறுப்பு கம்பி போட்ட மாதிரி வந்து நிக்கும்.

மீதி பாதி பிரிண்ட் டயலாக்ல இருக்கு. அங்க "ஃபிட்"னு இருந்தா பக்கத்தை பிரிண்டரோட ஓரத்துக்குள்ள அடக்க கொஞ்சம் சுருக்கும். ஏ4 பக்கத்தை லெட்டர் பேப்பர்ல ஃபிட் பண்ணா, 297 மில்லிமீட்டர் உயரம் 279.4க்குள்ள போகணும், அதாவது 94 சதவீதத்துக்கு சுருங்கும், ஓரமும் விட்டா அதுக்கும் கீழ. படிக்கற டாகுமென்ட்டுக்கு பரவால்ல. லேபிள், பார்கோடு, வெட்டி ஒட்டற அளவு, ஏற்கனவே அச்சடிச்ச ஃபாரத்து மேல அடிக்கறது, இதுக்கெல்லாம் "ஆக்சுவல் சைஸ்" இல்லேன்னா கட்டத்துக்கு வெளிய விழும். பிரிண்டர் டிரைவர்லயும் தனியா ஒரு ஸ்கேலிங் ஒளிஞ்சிருக்கலாம், அதையும் ஒரு தடவை தொறந்து பாத்துடுங்க. சாதாரண பிரிண்டர் பேப்பரோட விளிம்பு வரைக்கும் அடிக்காது, அதனால மார்ஜினை ரொம்ப ஒடுக்கமா வெச்சா ஃபைல் சரியா இருந்தும் ஓரம் வெட்டுப்படும்.

இதைச் சோதிக்க சுலபமான வழி இருக்கு. டாகுமென்ட்டோட ஒரு ஓரத்துல சரியா 100 மில்லிமீட்டர் நீளத்துல படுக்கையா ஒரு கோடு, நெட்டுக்கு ஒரு கோடு போட்டு பிடிஎஃப் ஆக்கி, எந்த பிரிண்டர்ல கடைசியா அடிக்கப் போறீங்களோ அதுலயே ஒரு தாள் எடுத்து ஸ்கேல் வெச்சு அளங்க. ரெண்டும் 100 இருந்தா கோட்டை அழிச்சுட்டு மொத்தத்தையும் அடிக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி 94, 97ன்னு வந்தா டயலாக்லயோ டிரைவர்லயோ எங்கயோ ஃபிட் ஆன்ல இருக்கு. ஒண்ணு 100, இன்னொண்ணு 99ன்னு வந்தா அது பிரிண்டர் பேப்பரை இழுக்கற விதத்துல இருக்கற பிசகா இருக்க வாய்ப்பு அதிகம், டாகுமென்ட்டை நோண்டாம வேற பிரிண்டர்ல ஒரு தாள் அடிச்சுப் பாருங்க.